அஸ்லான் கேட்ட இரண்டு அட்டைகள்

மலேசியத் தீவு நகரம் ஒன்றின் சூலியா தெருவில் மஹ்பூபாவுக்குக் கடை இருக்கிறது என்று சொல்வார்கள். கடை என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு துணிக்கடை முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை, அதன்மேல் அஞ்சலட்டைகள். கொடிமலை ரயில், கப்பித்தான் பள்ளிவாசல், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகள், சுவரோவியங்கள். ஊர் பார்க்க வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள்.

அட்டை வாங்குகிற எல்லோருக்கும் மீதிச் சில்லறையோடு ஒரு துண்டுச் சீட்டையும் கொடுப்பாள். அதில் அவள் பெயரும் முகவரியும் அச்சடித்திருக்கும். "எங்க ஊரு உலகப் பாரம்பரியம். உங்க நாட்டுலயும் ஒண்ணு இருக்கும். ஊருக்குப் போனதும் அந்த இடத்தோட கார்டு ஒண்ணு எனக்கு அனுப்புங்க" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்பாள். பத்துப் பேரில் ஒருவர் அனுப்புவார். அப்படிச் சேர்ந்த நானூற்றுச் சொச்சம் அட்டைகள், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டின் கூடத்துச் சுவரைத் தரையிலிருந்து கூரைவரை மறைத்திருந்தன. எல்லை தாண்டினால் வரும் ஹாட்யாயைக்கூடப் பார்த்திராத மஹ்பூபாவுக்குப் பெட்ராவின் பாறை எந்த நேரத்தில் எந்த நிறத்தில் தெரியும் என்பது தெரியும்.

மகன் அஸ்லான் சின்னப் பையனாக இருந்தபோது, அட்டைகளின் கதைகளைச் சொல்லித்தான் அவனுக்குச் சோறு ஊட்டினாள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவன் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. "கார்டு பாத்து என்னம்மா ஆவப் போவுது?" என்பான்.

இருபத்துநாலு வயதில் அவன் வேலை பார்த்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். நாலு மாதம் வீட்டில் கிடந்தான். அவன் அத்தா அப்துல் காதர், பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். பேசினால் உறைக்கும். ஒரு நாள் காலைப் பசியாறும்போது, "படிச்சவன் வீட்டுல உக்காந்து தின்னா லாரி ஓட்டுறவனுக்கு எப்படி இருக்கும்? எங்கயாச்சும் போய்ப் பொழைக்கிற வழியப் பாரு" என்று சொல்லிவிட்டார். மறுவாரமே அஸ்லானின் கூட்டாளி ஒருவன் பேங்காக்கில் வேலை இருப்பதாகச் சொன்னான். வாடிக்கையாளர் சேவை, தங்க இடம், டிக்கெட்டும் அவர்களே. அஸ்லான் கிளம்பிவிட்டான்.

போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு செய்தி வந்தது. சாப்பாடு பரவாயில்லை என்று இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு நாற்பது நாள் ஒன்றும் வரவில்லை. வேலை சொன்ன கூட்டாளியின் ஃபோனும் அடங்கிவிட்டது.

மஹ்பூபா போலீசில் புகார் கொடுத்தாள். இப்படி ஆள் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அலைந்து திரிந்து உதவுகிற சுகுமாரன் என்பவரைப் பற்றி யாரோ சொல்ல, அவரைத் தேடி கெப்பாலா பத்தாஸுக்குப் போனாள். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு முன்னறையே அலுவலகம். அவள் சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டு பேனாவை மூடினார்.

"பேங்காக்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போவாங்கம்மா. போய் எறங்குறது மியன்மார் எல்லை. ஆத்துக்கு அந்தப் பக்கம் வளாகம் வளாகமா கட்டி வச்சிருக்கானுங்க. ஆன்லைன்ல ஊர ஏமாத்துற வேல. உள்ள போனா வெளிய விட மாட்டானுங்க."

"என் மவன அங்கருந்து கொண்டாந்துருங்கண்ணே."

"எந்த வளாகம்னு தெரிஞ்சாத்தான் நம்ம ஆளுங்க அவங்க ஆளுங்ககிட்டப் பேச முடியும். அந்த ஆத்தங்கரையில எத்தனையோ இருக்கு. எதுலன்னு சொல்லாம தேடுங்கன்னா, யாரும் கைய வைக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து மஹ்பூபாவுக்கு அந்த ஒரே கேள்விதான். எது? மேசை முன்னால் உட்கார்ந்திருப்பாள். யாராவது விலை கேட்டால் கேட்கிறவர் வாயையே பார்ப்பாள். பக்கத்து மேசையில் பாத்தேக் துணி விற்கும் ரொஸ்னாதான் இரண்டு மேசையையும் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து தெரு மறுபடி நிறைகிற நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, அஸ்லான் பேசறேன்."

தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "எங்கடா இருக்கே? என் ராசா, எங்கடா இருக்கே?"

"நல்லா இருக்கேம்மா. பேங்காக்லதான். வேல நல்லா போவுது. போலீஸ்ல ரிப்போர்ட் போட்டீங்களாமே. அத மீட்டுக்குங்க. எனக்கு இங்க பிரச்சனையா இருக்கு."

எழுதி வைத்ததைப் படிக்கிற குரல். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் இன்னொருவன் தமிழில் மெல்லச் சொல்லிக்கொடுப்பது அவளுக்குக் கேட்டது.

"யாருடா பக்கத்துல? எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லு."

"அம்மா, நம்ம செவத்துல அவிஞோன் கார்டு இருக்குல்ல, பிரான்ஸ் கார்டு? அதையும் பொலனறுவை கார்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டுங்க. நடுவுல என் போட்டோ ஒண்ணு வைங்க."

"இப்ப கார்டாடா முக்கியம்? நீ என்னா சாப்பிட்ட, ஒடம்பு எப்படி—"

"ஒட்டுங்கம்மா. ரெண்டுக்கும் நடுவுல." இணைப்பு அறுந்துபோனது.

திரும்பத் திரும்ப அந்த எண்ணுக்கு அடித்தாள். போகவில்லை. கிடைத்த ஒரு நிமிடத்தையும் அட்டையைப் பற்றி வாய்ச்சண்டை போட்டுக் கெடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ரொஸ்னா அவள் கையைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, பிள்ளை கேட்டதையாவது செய்வோம் என்று நாற்காலி போட்டு ஏறி, இரண்டு அட்டைகளையும் சுவரிலிருந்து பிரித்தாள். கையில் வைத்துப் பார்த்தாள். அவிஞோன் அட்டையில் ஒரு பழைய கல்பாலம். கரையிலிருந்து புறப்பட்டு நாலு வளைவு வந்து, ஆற்றின் நடுவில் அப்படியே நின்றுவிடுகிறது. மிச்சப் பாலம் இல்லை. பொலனறுவை அட்டையில் பாறையில் செதுக்கிய புத்தர், நீளமாகப் படுத்திருக்கிறார். இந்தச் சுவருக்கே எதிரி மாதிரி இருந்தவன், பெயர் சொல்லி இந்த இரண்டை மட்டும் ஏன் கேட்டான்? பாதிப் பாலம். படுத்த புத்தர். நடுவுல நான்.

நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சுகுமாரனை ஃபோனில் பிடித்தாள்.

"அண்ணே! எங்க இருக்கான்னு சொல்லிட்டான்ணே! அவனுங்க முன்னாலயே சொல்லிட்டான்!"

சுகுமாரன் முழுதும் கேட்டார். "கெட்டிக்காரப் புள்ளம்மா" என்றார். "ஆனா நான் அந்த ஆத்த மேப்புலதான் பாத்திருக்கேன். பாதியில நிக்கிற பாலம் எதுன்னு தெரியல. யாராச்சும் தாய்லாந்துக் கரையில நின்னு கண்ணால பாத்துச் சொன்னாத்தான் நமக்குப் பிடி கெடைக்கும்."

தாய்லாந்தில் மஹ்பூபாவுக்கு யாரைத் தெரியும்? சுவரைப் பார்த்தாள். தாய்லாந்திலிருந்து வந்த அட்டைகள் எட்டு. அதில் மூன்று ஒரே கையெழுத்து: சுகோதை. மூன்று வருடமாக ஏப்ரல் தோறும் ஒன்று. பிம்சாய் என்ற பள்ளி ஆசிரியை. ஒரு மழை நாளில் கடைக்கு வந்து ஒதுங்கியவள். மஹ்பூபா தன் குடையைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். மற்றவர்கள் வெறும் பெயரோடு நிறுத்திக்கொள்ள, பிம்சாய் மட்டும் தன் பள்ளிக்கூட முகவரியையும் எழுதுவாள். தபால் போய்ச் சேர எத்தனை நாள் ஆகுமோ. ரொஸ்னா தன் ஃபோனில் அந்தப் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தைத் தேடிப் பிடித்துத் தந்தாள். மஹ்பூபா மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழில் பேசிப் பேசி, அது தாய் மொழியில் என்ன உளறியதோ, ஒன்பது செய்திகள் அனுப்பினாள்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. "உங்களை நினைவிருக்கிறது. உங்கள் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த எல்லை எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல். சனிக்கிழமை என் தம்பியின் வண்டியில் போகிறேன்."

அந்தச் சனிக்கிழமை மஹ்பூபா ஃபோனைக் கீழே வைக்கவில்லை. பத்து மணிக்கு ஒரு படம் வந்தது: முழுப் பாலம், வாகனங்கள் ஓடுகின்றன. இது இல்லை. ஒரு மணிக்கு இன்னொன்று: ஆற்றின் நடுவில் இரண்டு தூண்கள், புத்தர் இல்லை. இதுவும் இல்லை. "அங்கே விசாரித்தோம், ஒருவரும் பேசத் தயாரில்லை" என்று எழுதியிருந்தாள் பிம்சாய். மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் மூன்றாவது படம் வந்தது. கான்கிரீட் பாலமொன்று கரையிலிருந்து புறப்பட்டு, பாதி ஆற்றில் கம்பிகளை நீட்டிக்கொண்டு நின்றிருந்தது. அந்தப் பக்கத்து மலைச் சரிவில் பொன்னிறப் புத்தர் படுத்திருந்தார். இரண்டுக்கும் நடுவே நீலக் கூரை போட்ட ஐந்து மாடிக் கட்டடங்கள்; எல்லா ஜன்னலுக்கும் கம்பி.

மஹ்பூபா படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு ஜன்னலாகத் தேடினாள். கரும்புள்ளிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவன் அவற்றில் ஒரு புள்ளியாக இருக்கலாம்.

கீழே பிம்சாய் எழுதியிருந்தாள்: "இங்கே நிற்காதே என்று ஒருவன் விரட்டுகிறான். போகிறோம்."

சுகுமாரன் அந்தப் படத்தையும் இடத்தையும் எங்கெங்கே கொடுக்க வேண்டுமோ அங்கெல்லாம் கொடுத்தார். "இனி காத்திருக்கிறதுதாம்மா" என்றார்.

இடம் தெரியாமல் தவித்த நாட்களைவிட, தெரிந்துகொண்டு காத்திருப்பது கொடுமையாக இருந்தது. ஒரு வாரம் ஓடியது. இரண்டு வாரம். மீட்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று வந்தது. வேறு வளாகத்தில் இருந்தவர்கள். பதினோரு மலேசியர்கள். அஸ்லான் இல்லை. சுகுமாரன் அதைச் சொல்லிவிட்டு ஃபோனை வைக்காமல் இருந்தார்.

நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மஹ்பூபா மேசையை விரித்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்க" என்று ரொஸ்னாவிடம் சொல்லிப் புறப்பட்டாள். எல்லை தாண்டக் காட்ட வேண்டிய கடப்பிதழ், உம்ரா யாத்திரைக்கென்று எடுத்து வைத்திருந்தது, பையில் இருந்தது. ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போய், பாடாங் பெசார் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள். அங்கிருந்து எல்லை தாண்டுவது, பிறகு வடக்கே போவது, அந்தப் பாதிப் பாலத்தடியில் போய் நிற்பது. நின்று என்ன செய்வது என்று அவள் யோசிக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கத்தலாம். கம்பி ஜன்னலுக்குக் காது இருக்குமல்லவா.

ரயிலுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அப்துல் காதர் வேலை உடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரொஸ்னா ஃபோன் பண்ணியிருக்கிறாள். லாரியைத் துறைமுகத்தில் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"தடுக்காதீங்க" என்றாள் மஹ்பூபா.

"தடுக்கல."

"அவன் அங்க என்னா பாடு படுறானோ. நீங்க வாயத் தொறந்து ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? அவன் பேரச் சொன்னீங்களா?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கயாச்சும் போன்னு சொன்னது நான்தான் மஹ்பூ. எந்த வாயத் தொறந்து கேக்கச் சொல்றே?"

இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. வயிற்றிலிருந்து ஏதோ இழுத்துக்கொண்டு வருவதுபோல் அழுதார். ரயிலுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மஹ்பூபா தன் முந்தானையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். வடக்கே போகிற ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது. இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

அதற்குப் பத்து நாள் கழித்து அந்த நீலக் கூரைக் கட்டடங்களுக்குள் படையினர் நுழைந்தார்கள். இருநூறுக்கு மேற்பட்டவர்களை ஆறு கடத்தித் தாய்லாந்துக் கரையில் ஒரு பள்ளி மண்டபத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பிம்சாய் அன்றே போனாள். சாயங்காலம் ஒரு படம் அனுப்பினாள். மொட்டை அடித்த, கன்னம் ஒட்டிய ஒருவன் தண்ணீர்ப் புட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தான். மஹ்பூபாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. காதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள்.

விசாரணை, காகிதம், தூதரகம் என்று இன்னும் மூன்று வாரம். அப்துல் காதர் கோலாலம்பூர் விமான நிலையத்துக்குக் காடியை ஓட்டிக்கொண்டு போய் மகனை அழைத்து வந்தார். வழி நெடுக இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். தாப்பாவில் நிறுத்தித் தேநீர் வாங்கியபோது மட்டும் அத்தா மகனின் முதுகில் கை வைத்தாராம்.

வீட்டுக்கு வந்தவன் கட்டிலில் படுக்கவில்லை. கூடத்துத் தரையில், அட்டைச் சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தான். முதுகில் கோடு கோடாகத் தழும்புகள். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து நின்றுவிடுவான். மஹ்பூபா சோற்றைப் பிசைந்து கொடுத்தாள். அவன் சாப்பிட்டான். அது போதும் என்று அவள் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் ஓர் அட்டை வந்தது. சமர்கண்ட். எப்போதோ சீட்டு வாங்கிப் போன ஜெர்மன்காரத் தம்பதி, நாங்கள் சுற்றுலா போன இடம் என்று எழுதியிருந்தார்கள். மாதக்கணக்கில் சிரிக்காதவள் சிரித்தாள். "இங்க பாரு அஸ்லான், இந்த நீல ஓட்டப் பாரேன். என்னா எழுதியிருக்காங்கன்னா—"

"என் முன்னால படிக்காதீங்கம்மா."

"ஏன்டா?"

"படிக்காதீங்கன்னா படிக்காதீங்க!" கத்திவிட்டு, கத்தியதற்குப் பயந்து சுவரோரம் ஒடுங்கினான். அப்துல் காதர் உள்ளறையிலிருந்து வந்து நின்றார்.

பிறகு அவனே பேசினான். தரையைப் பார்த்துப் பேசினான்.

"அங்க என்னா வேல செஞ்சேன்னு நீங்க யாரும் கேக்கலயே. தனியா இருக்கிற பொம்பளைங்களோட ஃபோன்ல பேசணும். நான் என்ஜினியரு, ஊரு ஊரா போறவன்னு சொல்லணும். ஒரு மாசம் எனக்கு யாரும் மாட்டல. மாட்டலன்னா அடி. கரண்டு வைப்பாங்க. அப்புறந்தான் நீங்க சொன்ன கதைங்கள எடுத்தேன்."

"எந்தக் கதைங்க?"

"எல்லாம். பெட்ராவுல வெயில் ஏற ஏறப் பாறை நெறம் மாறும்னு சொல்வீங்களே. நேத்து அங்க நின்னு பாத்தேன்னு சொன்னேன். நீங்க சோறு ஊட்டிக்கிட்டே எப்படிச் சொன்னீங்களோ அப்படியே சொன்னேன். நம்பிட்டாங்கம்மா. அதுக்கப்புறம் அடிக்கல. நீதான் நம்பர் ஒன்னுன்னு கோழி வாங்கிக் குடுத்தாங்க." அவன் மூச்சு வாங்கினான். "தைப்பிங்ல ஒரு டீச்சரு, ரிட்டயர் ஆனவங்க. என்கூடப் பெட்ரா பாக்கணும்னு கடப்பிதழ் எடுத்தாங்க. கடைசியில நான் கேட்ட பணத்துக்காக வீட்ட வித்துட்டாங்க. எல்லாம் போனப்புறமும் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டு மெசேஜ் போட்டாங்க. நான் பிளாக் பண்ணிட்டேன்."

மஹ்பூபாவின் கையில் சமர்கண்ட் அட்டை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அடிச்சுச் செய்ய வச்சானுங்க" என்றார் அப்துல் காதர். "இவன் மேல ஒரு தப்பும் இல்ல. இத இதோட விட்ருவோம். வெளிய தெரிஞ்சா இவனப் புடிச்சு உள்ள வச்சிருவாங்க. வந்தவன் வந்துட்டான். போதும்லா."

போதும் என்றுதான் அவளுக்கும் பட்டது. பட்டினி கிடந்து, அழுது, ஊர் பேர் தெரியாதவளிடம் கெஞ்சி மீட்ட பிள்ளை. அவனை மறுபடி ஒரு கதவுக்குப் பின்னால் அனுப்பச் சொன்னால் எந்தத் தாய் அனுப்புவாள்? வாயை மூடிக்கொண்டு மறுநாள் கடைக்குப் போனாள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி தனியாக வந்து, ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்த்து, இரண்டு வாங்கினாள். மஹ்பூபா பழக்கத்தில் சீட்டை எடுத்தாள். கொடுக்கக் கை வரவில்லை. அந்தப் பெண்மணி போகும்வரை முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தைப்பிங் டீச்சர் இப்போது எங்கே தங்கியிருப்பாள்? வாடகைக்கா? பிள்ளைகள் இருந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்? என்ஜினியர் செத்துப்போனானோ என்று இன்னும் அழுதுகொண்டிருப்பாளோ? தன்னைப் போலவே, எங்கே இருக்கிறான் என்ற ஒரே கேள்வியோடு?

பன்னிரண்டு மணிக்கே மேசையை மடக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அப்துல் காதர் இரவு வேலைக்குப் போக வேண்டியவர், கூடத்தில் இருந்தார். அவள் மகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த டீச்சரு பேரு என்னா?"

"எதுக்கும்மா?"

"பேரு."

"சித்தி ஹாஜரா." அவனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஃபோன் நம்பரு?"

"மனப்பாடமா இருக்கு."

"மஹ்பூ, வேணாம்" என்றார் அப்துல் காதர்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றாள் அவள். "ஆனா அந்தம்மாவுக்கு உண்ம தெரியணும்." ஃபோனை எடுத்துச் சுகுமாரனின் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லும்மா" என்றது அவர் குரல். "பையன் எப்படி இருக்கான்?"

அவளால் பேச முடியவில்லை. இரண்டு முறை வாயைத் திறந்து பார்த்தாள். "இந்தாம்மா, இருக்கியா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அஸ்லான் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு கையை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டான்.

அப்துல் காதர் எழுந்து வெளியே போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், வந்து மகன் பக்கத்தில், தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தார்.

"அங்கிள், நான் அஸ்லான் பேசறேன்" என்றான் அவன். "அங்க உள்ள இருந்தப்ப நான் ஏமாத்துன டீச்சர் ஒருத்தங்க நம்பரு இருக்கு. எழுதிக்கிறீங்களா?" பிறகு ஒவ்வோர் எண்ணாக, நிதானமாக, விட்டு விட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.